சீரமைத்த சிறுகார் எஞ்சினுக்கு டர்போ தேர்வு

பிஸ்டன், ரிங், பேரிங் ஆகியவை மாற்றப்பட்டு, போர் வேலை முடித்துக் கட்டிய கார் எஞ்சினுக்கு எந்த டர்போவைப் பொருத்துவது என்று முடிவு செய்வதே டர்போ தேர்வு ஆகும். எஞ்சினின் கொள்ளளவு, அதன் இப்போதைய நிலை, வண்டி ஓடும் சாலை, இழுக்கும் சுமை ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்தே இதை முடிவு செய்ய வேண்டும். கூடுதல் குதிரைத்திறன் என்ற ஒன்றை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால், செலவு செய்து கட்டிய எஞ்சினே கெட்டுப்போக வாய்ப்புண்டு.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கச்சிராயபாளையம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கோமுகி அணைக்கு அருகில், கல்வராயன் மலையின் அடிவாரத்தில் இவ்வூர் உள்ளது. இங்கிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் ஒரே பயணத்தில் சமவெளி, தொடர் ஏற்றம், வளைவு மூன்றும் வருகின்றன. ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு இத்தகைய சாலையில் ஓடும் டீசல் காருக்கு ஏற்ற டர்போவும், தேசிய நெடுஞ்சாலையில் மட்டும் ஓடும் காருக்கு ஏற்ற டர்போவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

டர்போ வேலை செய்யும் விதம்

எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. இது டர்பைன் எனப்படும். அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, சிலிண்டர்களுக்கு அனுப்புகிறது. இது கம்ப்ரஸர் எனப்படும். வீணாகப் போகும் புகையின் ஆற்றலைக் கொண்டே கூடுதல் காற்று உள்ளே செலுத்தப்படுகிறது. காற்று கூடினால் கூடுதல் டீசலை முழுமையாக எரிக்க முடியும். வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் டர்போ தரும் கூடுதல் அழுத்தத்தைப் பூஸ்ட் என்பர்.

சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூகி 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். முதலில் கப்பல்களிலும் பெரிய எஞ்சின்களிலும் பயன்பட்ட இம்முறை, 1978இல் மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்டி வழியாக டீசல் காருக்கு வந்தது. தமிழ்நாட்டில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டர்போ எனர்ஜி நிறுவனம் 1982இல் தொடங்கப்பட்டு டர்போக்களைத் தயாரித்து வருகிறது.

சிறுகார் டர்போவின் தண்டு முழுவேகத்தில் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுகளைத் தாண்டும். டீசல் எஞ்சினில் டர்பைன் பக்கம் 700 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறும். இவ்வளவு வேகமும் வெப்பமும் தாங்கும் தண்டைத் தாங்கி நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. எனவே டர்போவின் ஆயுள் எஞ்சின் ஆயிலைப் பொறுத்தது.

எடுத்துக்காட்டு எஞ்சின்: 1.3 லிட்டர் மல்டிஜெட்

ஃபியட் நிறுவனம் உருவாக்கிய 1248 கன சென்டிமீட்டர் டீசல் எஞ்சின் இந்தியாவில் பல கார்களில் வந்தது. மாருதி சுசுகியின் ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகா, டாட்டாவின் இண்டிகா விஸ்டா, ஃபியட்டின் புன்டோ, லினியா ஆகியவை அவற்றுள் சில. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி நடைமுறைக்கு வந்தபோது மாருதி சுசுகி டீசல் கார் தயாரிப்பை நிறுத்தியது. ஏற்கெனவே விற்ற வண்டிகள் இன்னும் ஓடுவதால், இந்த எஞ்சினைப் பிரித்துக் கட்டும் வேலையும் டர்போ மாற்றும் வேலையும் பட்டறைகளில் தொடர்கின்றன.

மாருதி கார்களில் இந்த எஞ்சின் இரண்டு வகையாக வந்தது.

1. நிலை வடிவ டர்போ கொண்டது: 75 குதிரைத்திறன்; 2000 சுற்றில் 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை.
2. மாறும் வடிவ டர்போ கொண்டது: 90 குதிரைத்திறன், 1750 சுற்றில் 200 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை.

முறுக்குவிசை என்பதே ஓட்டுநர்கள் இழுவை என்று சொல்வது. இரண்டு வகைக்கும் இடையே குதிரைத்திறனில் 15 வேறுபாடு இருந்தாலும், உச்ச இழுவையில் வேறுபாடு 10 நியூட்டன் மீட்டர்தான். ஆனால் இரண்டாம் வகையில் அந்த இழுவை 250 சுற்று முன்னதாகவே கிடைக்கிறது. மலைச்சாலையில் கவனிக்க வேண்டியது இந்த 250 சுற்றைத்தான். வளைவில் வேகம் குறைந்து, மீண்டும் ஏறத் தொடங்கும்போது எஞ்சின் 1500 சுற்று அளவில்தான் இருக்கும். 4000 சுற்றில் கிடைக்கும் உச்சத் திறன் அங்கே உதவாது.

காற்றுக் கணக்கு

எஞ்சினுக்கு எவ்வளவு காற்று தேவை என்பதை எளிய பெருக்கலில் அறியலாம். நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் முழுக் கொள்ளளவுக் காற்றை இழுக்கிறது.

4000 சுற்றில்: 1.248 × 2000 = 2496 லிட்டர். சிலிண்டர் முழுமையாக நிரம்பாது என்பதால் 85 விழுக்காடு எனக் கொண்டால் ஏறத்தாழ 2120 லிட்டர், அதாவது 2.12 கன மீட்டர்.

கணக்குக்காகப் பூஸ்ட் 1.2 பார் என்று கொள்வோம். வளிமண்டலத்தின் 1 பாரும் சேர்ந்து மொத்தம் 2.2 பார். இந்த அழுத்தத்திலும் 50 பாகை வெப்பத்திலும் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை சுமார் 2.37 கிலோ. ஆகவே நிமிடத்துக்குத் தேவையான காற்று 2.12 × 2.37 = 5 கிலோ. 2000 சுற்றில் இதில் பாதி, அதாவது 2.5 கிலோ.

எனவே தேவைப்படும் டர்போ, நிமிடத்துக்கு 2.5 கிலோ முதல் 5 கிலோ வரையிலான காற்றைத் திணறாமல் தரக்கூடியதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கம்ப்ரஸருக்கும் அதன் தயாரிப்பாளர் ஒரு வரைபடம் வெளியிடுவர். அதில் படுக்கைக் கோட்டில் காற்றின் அளவும், நிமிர்கோட்டில் அழுத்த விகிதமும் இருக்கும். அழுத்த விகிதம் என்பது வெளியேறும் காற்றின் அழுத்தத்தை உள்ளே வரும் காற்றின் அழுத்தத்தால் வகுத்தால் கிடைப்பது. மேலே கண்ட இரு புள்ளிகளும் வரைபடத்தின் நடுப்பகுதியில் விழுந்தால் டர்போ பொருத்தமானது. இடது எல்லையைத் தாண்டினால் காற்று பின்வாங்கித் துடிக்கும். வலது எல்லையைத் தாண்டினால் கம்ப்ரஸர் மூச்சுமுட்டி, காற்றைச் சூடாக்குவதோடு நின்றுவிடும்.

பெரிய காரின் டர்போவை இந்த எஞ்சினுக்குப் பொருத்தினால், 2000 சுற்றில் வரும் குறைந்த புகையால் அதன் கனமான சக்கரத்தை வேண்டிய வேகத்துக்குச் சுழற்ற முடியாது. மிதியை அழுத்திய பிறகும் வண்டி சிறிது நேரம் இழுக்காமல் நிற்கும். சமவெளியில் இது வெறும் தொல்லை. செங்குத்தான வளைவில் முழுச் சுமையுடன் ஏறும்போது வண்டி நின்று பின்னால் உருளவும் கூடும்.

உயரத்தின் விளைவு

கடல்மட்டத்திலிருந்து 800 முதல் 1000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சுமார் 10 விழுக்காடு குறைகிறது. கல்வராயன் மலையின் மேல்பகுதிகளில் ஓடும் வண்டிக்கு இது பொருந்தும். டர்போ இல்லாத எஞ்சின் அங்கே ஏறத்தாழ அதே அளவு திறனை இழக்கும்.

டர்போ உள்ள எஞ்சினின் கணக்கு வேறு. கீழே அழுத்த விகிதம் 2.2 ÷ 1.0 = 2.2. மேலே வெளிக்காற்று 0.9 பார்தான்; அதே 2.2 பாரை எட்ட வேண்டுமானால் விகிதம் 2.44 ஆக வேண்டும். அதாவது டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். ஏற்கெனவே எல்லையில் ஓடும்படி பூஸ்ட் கூட்டி வைத்த டர்போ, மலை மேல் பாதுகாப்பு வேகத்தைத் தாண்டிவிடக்கூடும். வேஸ்ட்கேட் என்னும் புகை வழிமாற்றும் கதவின் திருகை முறுக்கிப் பூஸ்டைக் கூட்டும் வழக்கம் மலை வண்டிகளுக்குக் கூடாது என்பதன் காரணம் இதுவே.

கிடைக்கும் தேர்வுகள்

அதே எண்ணுள்ள புதிய டர்போ: பழைய டர்போவின் தகட்டில் பொறித்துள்ள எண்ணைப் பார்த்து வாங்குவது. எஞ்சின் கணினி, குழாய்கள், மேனிஃபோல்டு எதையும் மாற்ற வேண்டியதில்லை. செலவு கூடுதலானாலும் பெரும்பாலோருக்கு இதுவே ஏற்றது.

நடுப்பகுதி மாற்றம்: தண்டு, இரு சக்கரங்கள், பேரிங் அடங்கிய நடுப்பகுதியை மட்டும் மாற்றுவது. பட்டறைகளில் இதைக் கோர் என்பர். வெளிக்கூடுகள் வெடிப்பின்றி இருந்தால் இது சிக்கனமானது. ஆனால் கோர் இயந்திரத்தில் சமநிலை பார்க்கப்பட்டதாக இருக்க வேண்டும். அதற்கான சோதனைத் தாளைக் கேட்டு வாங்குவது நல்லது.

மாறும் வடிவ டர்போ: இதில் டர்பைனைச் சுற்றியுள்ள சிறு இதழ்கள், குறைந்த சுற்றில் குறுகியும் உயர் சுற்றில் விரிந்தும் புகையின் வேகத்தைச் சரிசெய்கின்றன. மலைக்கு இது சிறந்ததாகத் தோன்றலாம். எனினும் 75 குதிரைத்திறன் எஞ்சினில் இதை அப்படியே மாட்ட முடியாது. இதழ்களை இயக்கும் அமைப்பும் அதற்கேற்ற கணினியும் தேவை. மேலும், நீண்ட நேரம் ஐடிலில் நிற்கும் வண்டியில் கரி படிந்து இதழ்கள் சிக்கிக்கொள்ளும். இத்தகைய டர்போவுடன் வந்த வண்டிக்கே இதைத் திரும்பப் பொருத்துவது முறை.

பழைய வண்டியிலிருந்து கழற்றிய டர்போ: விலை குறைவு, வரலாறு தெரியாது. தண்டைப் பக்கவாட்டில் அசைத்தால் மிகச் சிறிய ஆட்டம் இருப்பது இயல்பு. முன்னும் பின்னும் இழுத்தால் கைக்குத் தெரியும்படி ஆட்டம் இருக்கக் கூடாது. சக்கரம் கூட்டை உரசிய தடம் இருந்தால் வாங்கக் கூடாது.

டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினுக்குப் புதிதாக டர்போ பொருத்துவது இவற்றிலிருந்து வேறான வேலை. அழுத்தம் கூடும்போது பெட்ரோல் கலவை தானாக வெடித்துப் பிஸ்டனை உடைக்கும். மாருதி சுசுகி 2017இல் வெளியிட்ட பலேனோ ஆர்எஸ் காரின் 998 கன சென்டிமீட்டர் டர்போ எஞ்சின் 102 குதிரைத்திறன் தந்தது. அதற்கு நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் தெளிக்கும் முறை உள்படத் தொழிற்சாலையிலேயே தனியான எஞ்சின் வடிவமைக்கப்பட்டது.

பழைய டர்போ கெட்ட காரணம்

புதிய டர்போவை வாங்குமுன் பழையது ஏன் கெட்டது என்று அறிய வேண்டும். காரணத்தை நீக்காவிட்டால் புதியதும் அதே வழியில் போகும்.

கம்ப்ரஸர் சக்கரத்தின் விளிம்பு தேய்ந்திருந்தால் ஏர் ஃபில்டர் வழியே தூசி புகுந்துள்ளது. சக்கரம் உடைந்திருந்தால் ஏதோ ஒரு பொருள் உள்ளே சென்றுள்ளது. பேரிங் கருநீலமாகக் கருகியிருந்தால் ஆயில் வரத்து நின்றுள்ளது. பேரிங்கில் கோடுகள் இருந்தால் ஆயிலில் அழுக்கு இருந்துள்ளது.

ஆயில் கசிவு எப்போதும் டர்போவின் குறை அன்று. ரிங் தேய்ந்த எஞ்சினில் எரிவாயு கீழே இறங்கி ஆயில் தொட்டியில் அழுத்தத்தைக் கூட்டும். அப்போது டர்போவிலிருந்து ஆயில் கீழே வடிய வழியின்றி இரு முனைகளிலும் கசியும். ரிங் மாற்றிய பிறகும் மூச்சுக்குழாய் அடைத்திருந்தால் இதே நிலைதான்.

டீசல் எஞ்சினில் இந்தக் கசிவு ஆபத்தானது. உள்ளே புகும் ஆயிலையே எரிபொருளாக்கிக்கொண்டு எஞ்சின் கட்டுப்பாடின்றி வேகமெடுக்கும். சாவியைத் திருப்பினாலும் அணையாது. அப்போது கால் பிரேக்கையும் கைப்பிரேக்கையும் முழுமையாகப் பிடித்து, உச்ச கியரில் போட்டுக் கிளட்சைச் சட்டென்று விட்டால் எஞ்சின் திணறி நிற்கும். காற்றுக்குழாயைக் கையால் பொத்த முயலக் கூடாது.

பொருத்தும் முறை

1. ஆயில் வரத்துக் குழாயைப் புதிதாக மாற்ற வேண்டும். கழுவினால் உள்ளே கெட்டியான கரி முழுதும் போகாது.
2. ஆயில் திரும்பும் குழாய் மடிப்பின்றிக் கீழ்நோக்கி இருக்க வேண்டும்.
3. ஆயில் தொட்டியைக் கழற்றி வடிகட்டியைச் சுத்தம் செய்ய வேண்டும். போர் வேலையின் இரும்புத் துகள் ஒன்று தங்கினாலும் புதிய பேரிங் கீறும்.
4. இன்டர்கூலரையும் காற்றுக் குழாய்களையும் கழற்றிப் பழைய ஆயிலையும் உலோகத் துண்டுகளையும் நீக்க வேண்டும்.
5. டர்போவின் ஆயில் துளையில் புதிய ஆயிலை ஊற்றி, சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். எஞ்சினை ஸ்டார்ட் ஆகவிடாமல் சில நொடிகள் சுழற்றி ஆயில் வந்ததை உறுதிசெய்த பிறகே ஸ்டார்ட் செய்து, சில நிமிடங்கள் ஐடிலில் விட வேண்டும்.
6. மூட்டுகளில் சீலண்ட் பசை பூசக் கூடாது. பிதுங்கிய பசை ஆயில் துளையை அடைக்கும்.

ஓட்டும் முறை

புதிதாகக் கட்டிய எஞ்சினை முதல் 1000 கிலோமீட்டர் வரை முழுச் சுமையுடன் மலை ஏற்றாமல் இருப்பது நல்லது. அதன் பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும். ஆயிலின் தர எண் வண்டிக் கையேட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

ஏற்றம் முடிந்து வெள்ளிமலையில் நிறுத்தும்போது டர்போ உச்ச வெப்பத்தில் இருக்கும். உடனே அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்று, தங்கிய ஆயில் கருகும். ஓரிரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைக்க வேண்டும். கச்சிராயபாளையத்துக்கு இறங்கி வந்தபின் இது அவ்வளவாகத் தேவையில்லை. இறக்கத்தில் எஞ்சின் சுமையின்றி ஓடுவதால் டர்போ வழியிலேயே ஆறிவிடும்.

சட்ட நிலை

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். அதே வகை டர்போவை மாற்றுவது பழுதுபார்ப்பு ஆகும். பெரிய டர்போ பொருத்திக் கணினியை மாற்றி எழுதுவது அப்படியன்று. விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகை கிடைப்பதிலும் சிக்கல் எழலாம். வாடகைக்கு ஓடும் வண்டியில் பயணம் செய்வோரையும் இது பாதிக்கும்.