ஹார்மோன் எடுத்தும் தாடி போகலையா? ஷேவிங் முதல் லேசர் வரை திருநங்கைகள் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயங்கள்

விடியற்காலை. பழவேற்காட்டில் படகுகள் கரை சேரும் நேரம். இறால், நண்டு, மடவை என்று கூடை கூடையாக ஏலம் போகும். அந்தக் கூட்டத்தில் ஒரு திருநங்கையும் கூடையோடு நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து கிளம்பும்போதே ஷேவ் பண்ணிட்டுத்தான் வந்திருப்பார். ஆனால் வெயில் ஏறி, வியர்த்து, வியாபாரம் முடிவதற்குள் தாடையில் லேசாகக் கருநிழல் தெரிய ஆரம்பிக்கும். அதுவரை "அக்கா, கிலோ என்ன விலை?" என்று கேட்டவர் திடீரென்று "அண்ணே" என்பார். பக்கத்தில் நிற்பவர் சிரிப்பார்.

ஒரே ஒரு சொல்தான். ஆனால் அன்றைக்கு முழுக்க அது மீன் முள் மாதிரி தொண்டையில் நிற்கும்.

பாலின மாற்றப் பயணத்தில் இருக்கும் பல திருநங்கைகளுக்கு அறுவை சிகிச்சையை விட தினசரி பெரிய தலைவலி இந்த முக முடிதான். இதை வைத்துக் காசு பார்ப்பவர்களும் அதிகம். எது வேலை செய்யும், எது செய்யாது, கைக்காசை எதில் போடக்கூடாது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஹார்மோன் எடுத்தால் தாடி தானாகப் போய்விடுமா?

போகாது. பலரும் ஏமாறும் முதல் இடம் இதுதான்.

பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும்போது, முகத்தில் இருக்கும் மெல்லிய பூனை முடி தடித்த கருப்பு முடியாக மாறுகிறது. இப்படி ஒருமுறை மாறிய வேர், பிறகு டெஸ்டோஸ்டிரோன் குறைந்தாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. ஈஸ்ட்ரோஜனும், ஆண் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரைகளும் எடுத்தால் மார்பு, முதுகு, கை, கால் முடி மாதக்கணக்கில் மெலிந்துகொண்டே வரும். தாடியின் வேகமும் கொஞ்சம் குறையலாம். ஆனால் தாடி முழுசாக நிற்காது.

அதனால் "தாடி போகலையே, டோஸ் பத்தலை போல" என்று நினைத்து மாத்திரையைக் கூட்டுவது ஆபத்து. மெடிக்கல் ஷாப்பில் கருத்தடை மாத்திரையை வாங்கி இஷ்டத்துக்குப் போடுவது அதைவிட ஆபத்து. அதில் இருக்கும் ஈஸ்ட்ரோஜன் வகை, கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டும். புகைபிடிப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஹார்மோன் எடுப்பதாக இருந்தால் டாக்டர் மேற்பார்வையில், ரத்தப் பரிசோதனையோடுதான் எடுக்க வேண்டும்.

ஷேவ் பண்ணா முடி தடிமனா வளருமா?

வளராது. பிளேடு தோலுக்கு மேலே இருக்கும் முடியைத்தான் வெட்டுகிறது, வேரைத் தொடுவதே இல்லை. வெட்டுப்பட்ட நுனி மொட்டையாக இருப்பதால் கைக்குச் சொரசொரப்பாகத் தெரியும். அதைத்தான் தடிமன் என்று நினைக்கிறோம்.

உண்மையைச் சொன்னால், மற்ற தற்காலிக வழிகளை விட ஷேவிங்தான் தோலுக்குக் குறைந்த சேதம். சில விஷயங்களை மட்டும் கவனித்தால் போதும்.

* முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் முகத்தை நனைத்து முடியை இளக விடுங்கள்.
* முடி வளரும் திசையிலேயே இழுங்கள். எதிர்த்து இழுத்தால் முடி தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்து கட்டியாகும், கரும்புள்ளி விழும்.
* மழுங்கிய பிளேடு வேண்டாம். ஒருவர் பிளேடை இன்னொருவர் தொடவே வேண்டாம். நாலைந்து பேர் சேர்ந்து தங்கும் வீடுகளில் இது ரொம்ப முக்கியம். ஹெபடைடிஸ் பி போன்ற தொற்று இப்படிப் பரவலாம்.
* ஷேவ் பண்ணிய பிறகும் தெரியும் கருநிழலை மறைக்க ஒரு மேக்கப் நுணுக்கம் உண்டு. பவுண்டேஷனுக்கு முன்னால் ஆரஞ்சு கலந்த சிவப்பு லிப்ஸ்டிக்கை அந்த இடத்தில் மெல்லிசாகத் தடவினால், நீலம் பாய்ந்த நிழல் அடங்கிவிடும்.

பிளக்கரால் பிடுங்குவது நல்லதா?

பிளேடு வைத்தால் ஆண் மாதிரி ஆகிவிடும் என்று சொல்லி, ஒவ்வொரு முடியாகப் பிடுங்கும் பழக்கம் திருநங்கையர் மத்தியில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. பெரியவர்கள் கற்றுக்கொடுத்ததை யாரும் குறை சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

ஆனால் தாடி மாதிரி தடித்த முடியை வருஷக்கணக்கில் பிடுங்கினால் வேர்க்கால் சீழ் பிடிக்கும், தழும்பு விழும், தோல் கருக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. பிடுங்கிய இடத்தில் லேசருக்கு வேலையே இருக்காது. அது ஏன் என்று கீழே வருகிறது.

கஸ்தூரி மஞ்சள், குப்பைமேனி, நைட் க்ரீம்?

மஞ்சளும் குப்பைமேனியும் தடவித் தடித்த தாடி உதிர்ந்துவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அதனால் பெரிய கேடும் இல்லை. நேரம்தான் வீண்.

பயப்பட வேண்டியது "ஒரே வாரத்தில் வெள்ளை" என்று விற்கிற க்ரீம்களுக்கு. இவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. முதலில் முகம் பளபளப்பாகும். போகப்போக தோல் மெலிந்து சிவக்கும், பரு வரும். முக்கியமாக, ஸ்டீராய்டு க்ரீமைத் தொடர்ந்து பூசினால் முகத்தில் முடி கூடுதலாக வளரும். எதைக் குறைக்க நினைத்தோமோ, அதையே காசு கொடுத்து வாங்குவது மாதிரி.

லேசர் எப்படி வேலை செய்கிறது? ஏன் ஒரே தடவையில் முடியாது?

லேசர் ஒளியை முடியில் இருக்கும் கருப்பு நிறமி இழுத்துக்கொள்ளும். அது சூடாக மாறி வேரைப் பொசுக்கும். முடி வேரோடு ஒட்டியிருந்தால்தான் அந்தச் சூடு கீழே இறங்கும். பிடுங்கிவிட்டால் உள்ளே முடியே இல்லை, லேசர் எதைப் பிடிக்கும்? அதனால்தான் லேசருக்கு முன்னால் சுமார் 4 வாரம் பிளக்கர், த்ரெட்டிங், வேக்ஸிங் எதுவும் கூடாது. ஷேவிங் மட்டும் பண்ணலாம்.

அடுத்தது, எல்லா முடியும் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. சில வளரும், சில ஓய்வில் இருக்கும், சில உதிரக் காத்திருக்கும். வளர்ந்துகொண்டிருக்கும் முடி மட்டும்தான் லேசரில் சரியாக மாட்டும். மீதி முடிகளின் முறை வரும் வரை காத்திருக்க வேண்டும்.

அதனால் 4 முதல் 8 வாரம் இடைவெளியில் பல தடவை போக வேண்டியிருக்கும். 6 வாரத்துக்கு ஒருமுறை என்று வைத்து, 8 தடவை கணக்குப் போட்டாலே 42 வாரம், கிட்டத்தட்ட 10 மாதம். தாடிக்கு அதற்கு மேலும் தேவைப்படலாம். முடிந்த பிறகும் எப்போதாவது ஒரு டச்-அப் வேண்டியிருக்கும்.

"ஒரே சிட்டிங், ஆயுசுக்கும் வராது" என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். லேசருக்கு மருத்துவ உலகம் வைத்திருக்கும் பெயரே "நிரந்தரக் குறைப்பு"தான், "நிரந்தர நீக்கம்" அல்ல.

நம்ம தோலுக்கு எந்த லேசர்?

லேசருக்கு முடியின் கருப்பும் தோலின் கருப்பும் வேறு வேறு என்று தெரியாது. மாநிறத்திலும் கருநிறத்திலும் உள்ள தோல், ஒளியைத் தானும் இழுத்துக்கொள்ளும். தப்பான மெஷினில் கொப்புளம், தீக்காயம், மாதக்கணக்கில் மாறாத கருந்திட்டு வரும்.

* என்டி யாக்: 1064 நானோமீட்டர் அலைநீளம். தோலின் மேல்நிறத்தை அதிகம் தொடாமல் ஆழமாக இறங்கும். கருநிறத் தோலுக்குப் பாதுகாப்பானது இதுதான்.
* டயோடு: சுமார் 810 நானோமீட்டர். குளிரூட்டும் வசதியோடு, அனுபவம் உள்ளவர் செய்தால் மாநிறத்துக்குப் பயன்படுத்தலாம்.
* அலெக்ஸாண்ட்ரைட்: 755 நானோமீட்டர். வெளிர் தோலுக்கு ஏற்றது, நமக்கு ரிஸ்க்.
* ஐ.பி.எல்.: கிரிக்கெட் இல்லீங்க! இது லேசரே அல்ல, பளிச்சென்று அடிக்கும் பல அலைநீள ஒளி. சில பார்லர்களில் இதையே லேசர் என்று சொல்லிவிடுவார்கள். கருநிறத் தோலுக்கு இது வேண்டாம்.

நரைத்த முடியில் நிறமி இல்லாததால் எந்த லேசரும் வேலை செய்யாது. வயது ஏற ஏற வாய்ப்பு குறையும்.

அப்போ நரைத்த முடிக்கு என்ன வழி?

எலக்ட்ரோலிசிஸ். மயிரிழை மாதிரி மெல்லிய ஊசியை ஒவ்வொரு வேர்க்காலிலும் இறக்கி, சிறு மின்சாரம் பாய்ச்சி வேரை அழிப்பது. 1875-லேயே அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் சார்லஸ் மிஷேல் என்ற கண் டாக்டர், கண்ணுக்குள் குத்தும் இமை முடியை நீக்க இதைப் பயன்படுத்தினார். கருப்போ நரையோ, எந்த நிற முடிக்கும் எந்த நிறத் தோலுக்கும் இது பொருந்தும். "நிரந்தர நீக்கம்" என்ற பெயர் இதற்குத்தான்.

ஆனால் ஒவ்வொரு முடியாகச் செய்ய வேண்டும். முழுத் தாடிக்கு நூறு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். வலியும் உண்டு. அதனால் லேசரில் பெரும்பகுதியைக் குறைத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் எலக்ட்ரோலிசிஸில் முடிப்பவர்கள் அதிகம்.

ஏரிக்கரையில் வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டியது

கோட்டைக்குப்பமோ கூனங்குப்பமோ, மீன் வேலை என்றாலே வெயிலும் உப்புக்காற்றும்தான். வெயிலில் கருத்த தோலில் லேசர் அடித்தால் தீக்காய அபாயம் கூடும்.

* லேசருக்கு முன்னும் பின்னும் குறைந்தது 2 வாரமாவது முகத்தில் நேரடி வெயில் படாமல் பாருங்கள். முந்தானை, துப்பட்டா, அகலமான தொப்பி எதுவாக இருந்தாலும் சரி. எஸ்.பி.எஃப். 30-க்கு மேற்பட்ட சன்ஸ்க்ரீனும் வேண்டும்.
* ஆரம்பிக்க ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்கள் தோது. வெயில் குறைவு.
* ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வரத்து குறைந்தால் வியாபாரமும் படுக்கும். அந்த இரண்டு மாதத்துக்குச் சேர்த்து முன்பணம் கட்டி மாட்டிக்கொள்ள வேண்டாம். ஒரு சிட்டிங் சில வாரம் தள்ளிப் போனால் செய்த வேலை வீணாகாது.
* ஷேவ் பண்ணிய முகத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் எரியும், வறண்டு வெடிக்கும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி மாய்ஸ்சரைசர் பூசுங்கள்.
* முகத்திலோ கழுத்திலோ பச்சை குத்தியிருந்தால் அதன் மேல் லேசர் படவே கூடாது. மை ஒளியை இழுத்துத் தோலைப் பொசுக்கிவிடும்.

காசு கட்டும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. மெஷின் என்டி யாக்கா, டயோடா?
2. செய்யப் போவது யார்? தோல் டாக்டர் பார்ப்பாரா?
3. முதலில் ஒரு சின்ன இடத்தில் சோதனை செய்து காட்டுவீர்களா?
4. கண்ணுக்குக் கண்ணாடி தருவீர்களா?
5. தடவைக்குத் தடவை காசு கட்டலாமா, மொத்தமாகத்தான் கட்டணுமா?

மரத்துப் போகும் க்ரீமை நீங்களே வாங்கி முகம், கழுத்து முழுக்க அப்பிக்கொண்டு போகாதீர்கள். அளவுக்கு மீறி ரத்தத்தில் கலந்தால் இதயத்துடிப்பைப் பாதிக்கும். லேசருக்குப் பிறகு கொப்புளம் வந்தால் உடைக்காமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

பால் மாற்று அறுவை சிகிச்சைக்குத் திட்டமிடுபவர்கள், எந்தப் பகுதி முடியை முன்கூட்டியே நீக்க வேண்டும் என்று அறுவை டாக்டரிடம் கேட்க வேண்டும். சில அறுவை சிகிச்சைகளில் முடியுள்ள தோலை உள்ளே வைத்துத் தைப்பார்கள். பிறகு அங்கே முடி வளர்ந்தால் எடுப்பது கஷ்டம்.

அரசு உதவி கிடைக்குமா?

தாடியை எடுப்பது அழகு சமாச்சாரம் என்று யாராவது சொன்னால், சட்டத்தைக் காட்டலாம். 2019-ஆம் ஆண்டு திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 15-வது பிரிவு, அறுவை சிகிச்சை, ஹார்மோன் சிகிச்சை ஆகியவற்றோடு லேசர் சிகிச்சையையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அதன் செலவுக்குக் காப்பீடு ஏற்பாடு செய்யச் சொல்கிறது.

2022-ல் அறிவிக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டி.ஜி. பிளஸ் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. இதற்கு மத்திய அரசின் திருநர் இணையதளம் வழியாக மாவட்ட ஆட்சியர் தரும் அடையாளச் சான்று வேண்டும். ஆனால் அட்டை இருந்தாலே லேசர் இலவசம் என்று நினைத்துவிட வேண்டாம். எந்தச் சிகிச்சை சேரும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் 2008-லேயே நாட்டில் முதல்முறையாகத் திருநங்கைகள் நல வாரியம் அமைக்கப்பட்டது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் திருநர்களுக்கென தனி கிளினிக் உண்டு. பழவேற்காட்டிலிருந்து பஸ்ஸில் பொன்னேரி, அங்கிருந்து புறநகர் ரயிலில் சென்ட்ரல், இறங்கினால் எதிரே ராஜீவ் காந்தி மருத்துவமனை. எந்த நாளில் பார்க்கிறார்கள் என்பதை 104 மருத்துவ உதவி எண்ணில் விசாரித்துவிட்டுக் கிளம்பினால் ஒரு நாள் வியாபாரம் மிச்சம்.

கடைசியா ஒண்ணு

தாடி எடுத்தால்தான் திருநங்கை என்று எந்த விதியும் இல்லை. எடுப்பதும் விடுவதும் அவரவர் விருப்பம். எடுக்க முடிவு செய்தால் அவசரப்படாமல், தெரிந்துகொண்டு, தோலைக் காப்பாற்றிக்கொண்டு செய்யுங்கள்.

கூடைக்கு இந்தப் பக்கம் நின்று விலை கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. லேசர் முடிய 10 மாதமோ அதற்கு மேலோ ஆகும். "அக்கா" என்று கூப்பிட ஒரு நொடி போதும்.