பனங்கொட்டை ஊன்றப் பட்டா வேணுமா?

"தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வச்சவன் பாத்துட்டுச் சாவான்." நம்ம இராமநாதபுரம் பக்கம் கேள்விப்பட்டிருப்பீங்க. பனை பலன் தர 15 வருஷத்துக்கு மேல ஆகும். அதுவரை அந்த நிலம் யார் கையில இருக்கும்?

கமுதி பக்கம் ஒருத்தர் வாய்மொழியா நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கிறார்னு வைங்க. முண்டு மிளகாய் போட்டா சில மாசத்துல காசு. பனங்கொட்டைக்குச் செலவே இல்ல. ஆனாலும் ஊன்ற மாட்டார். அடுத்த வருஷமே "போதும்பா"ன்னு சொல்லிட்டா, பலன் வேற ஆளுக்குப் போயிடும். நாம புராஜெக்ட்ல போடுற 'பேபேக் பீரியட்' கணக்குதான் இது. முதலீடு குறைவா இருந்தா மட்டும் போதாது. பலன் வர்ற வரைக்கும் உரிமை நிக்கணும்.

சரி, அவரே ஆசைப்பட்டாலும் நிலத்துக்காரர் விடுவாரா? மரம் வருஷக்கணக்கா நிக்கிற சாட்சி. "நான் வச்சு வளர்த்தது"ன்னு நாளைக்கு உரிமை கேட்டா என்ன பண்றதுங்கிற பயம் அவருக்கு. 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், குத்தகைதாரரைக் காரணமில்லாமல் வெளியேற்றக் கூடாது என்கிறது. குத்தகையைப் பதிவு செய்ய 1969-ல் தனிச் சட்டமும் வந்தது. ஆனா காப்பாத்த வந்த சட்டமே, எழுதித் தர நிலத்துக்காரரைத் தயங்க வைக்குது. எழுத்து இல்லாத இடத்துல சட்டத்தை எதை வச்சு நிரூபிக்கிறது?

சாயல்குடி பக்கம் பனையேறிகள் பலர் ஏறுறதும் அடுத்தவர் மரம்தான், சீசன் குத்தகைக்கு. பழைய மரம் சாய்ஞ்சா புதுசு வைக்க அவங்களுக்கு இடம் ஏது?

நிலமும் மரமும் ஒருத்தருக்கே சொந்தமா இருக்கணும்னு கட்டாயமில்ல. நம்ம கிராமக் கணக்குலயே '2சி பட்டா'ன்னு ஒண்ணு உண்டு. புறம்போக்கு நிலம் அரசுக்கு, அதில் நிற்கும் மரத்தின் பலன் பட்டா வாங்கினவருக்கு.

ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் வயலில் நிற்கிற மரம்கூட அரசுக்கே சொந்தம்னு இருந்தது. முளைச்சதையெல்லாம் விவசாயிகள் களை மாதிரி வெட்டினாங்க. 1980-களுக்குப் பிறகு கெடுபிடி தளர்ந்து, "மரம் நமக்கு"ன்னு நம்பிக்கை வந்ததும், அதே முளைகளை விட்டு வளர்த்தாங்க. சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் திரும்ப வந்ததாக மதிப்பிடுறாங்க. கன்று வாங்கி நட்டது இல்ல. மண்ணுக்குள்ள இருந்த பழைய வேர்தான்.

தமிழக அரசு 2021-ல் பனை விதை வழங்கும் திட்டத்தை அறிவிச்சது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேணும்னும் சொன்னது. ரெண்டும் நல்லதுதான். ஆனா விதை வாங்குற கைக்கு, அந்த மரத்தின் பதநீரும் நுங்கும் எழுத்துல உறுதியாகணும்.

அடுத்த தடவை என்.எஸ்.எஸ்.ல மரக்கன்று நடப் போறப்ப, குழி தோண்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க: "இந்த மரம் யாருக்கு?" பதில் சொல்ல ஒரு ஆள் இருந்தா, தண்ணி ஊத்தவும் ஒரு ஆள் இருப்பாங்க.