தாயிடம் தங்கும் கிருமியும் பிறந்த சிசுவும்

நோய்க்கிருமி எனின், அது புகுந்த உடலையெல்லாம் வருத்தும் என எண்ணுதல் வழக்கம். அவ்வாறன்றி, ஒருவரிடத்துச் சாதுவாய்க் குடியிருந்து, மற்றொருவரிடத்துக் கூற்றுவனாய் மாறுங் கிருமிகளும் உள. “பி” வகுப்பு ஸ்ரெப்ரோகொக்கஸ் அத்தகையது. உலகிற் கருவுற்ற பெண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பேர் இதனைத் தம் குடலிலோ பிறப்புவழியிலோ தாங்கியுள்ளனர். அவருட் பெரும்பாலார்க்கு இதனால் யாதொரு துன்பமும் இல்லை; தாங்கியிருப்பதையே அவர் அறியார். ஆயின் அதே கிருமி, பிறந்து சில மணி நேரமே ஆன சிசுவின் குருதியிற் புகுமாயின், ஒரு நாளைக்குள் அதன் உயிரைக் கவர்ந்துவிடவுங் கூடும். ஆண்டுதோறும் ஏறக்குறைய 100,000 சிசுக்கள் இதனால் இறக்கின்றன என உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. தாய்க்குத் தீங்கு செய்யாதது சேய்க்கு நஞ்சாவது ஏன்? அதனைத் தடுக்கும் வழி யாது? இவ்விரு வினாக்களையுமே ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

நுணுக்குக்காட்டியின் கீழ் இக் கிருமிகள் கோத்த மணிகள்போல் வரிசையாகத் தோன்றும். இவ் வினத்துள் ஒன்று பசுக்களின் மடியழற்சிக்குக் காரணமாவதை நொக்கார், மொலெரோ என்னும் பிரான்சிய மிருக வைத்தியர் இருவர் 1887இல் வெளியிட்டனர். அந் நோயால் மடி வீங்கிப் பால் வற்றிப்போதலின், “பாலின்மை” எனப் பொருள்படும் இலத்தீன் பெயர் அக் கிருமிக்கு வழங்கலாயிற்று. மனித சிசுக்களைக் கொல்லுங் கிருமி இன்றும் மாட்டு நோயின் பெயரையே தாங்கி நிற்பது விந்தையே.

1933இல் நியூயோர்க் நகரத்து றொக்கபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த றெபேக்கா லான்ஸ்பீல்ட் அம்மையார் (1895–1981) இவ் வினத்தைச் செம்மையாக வகுத்தார். கிருமியின் கலச்சுவரிலுள்ள காபோவைதரேற்றைப் பிரித்தெடுத்து, முயலிற் பெற்ற குருதித் தெளிநீருடன் சேர்த்து, வீழ்படிவு தோன்றுகின்றதா என நோக்குவதே அவர் கையாண்ட முறை. மனிதரின் தொண்டை நோய்க்குக் காரணமானது “ஏ” வகுப்பாயிற்று. மாடுகளிடமிருந்து கிடைத்தவை “பி” வகுப்பாயின. இரண்டாண்டுகளின் பின்னர், பிரசவித்த பெண்களிடத்தும் “பி” வகுப்பு உண்டென அவரும் ஹெயர் என்பாரும் எழுதினர். 1938இல் பிரித்தானிய ஆய்வாளரான பிறை, பிரசவத்தின் பின் இதனால் மாண்ட மூன்று தாய்மாரைப் பற்றி அறிவித்தார். எனினும், சிசுக்களின் மரணத்தில் இதற்குள்ள பங்கு நெடுங்காலம் போதிய கவனம் பெறவில்லை. 1964இல் பொஸ்ரன் நகரத்து வைத்தியர்கள் எழுதிய கட்டுரை பலரை விழிப்படையச் செய்தது. 1970ஆம் ஆண்டுகளில் அமெரிக்க வைத்தியசாலைகள் பலவற்றிற் பிறந்த சிசுக்களின் குருதி நஞ்சேற்றத்துக்கு இதுவே தலையாய காரணமாயிற்று. அக்காலத்து நோயுற்ற சிசுக்களுள் ஏறத்தாழப் பாதியும் இறந்த இடங்கள் உண்டு.

கிருமியைத் தாங்கிய தாய்க்கு மருந்தொன்றும் அளிக்காதுவிடின், அவள் பெறும் சிசுவுக்குக் கிருமி தொற்றுதல் இரண்டுக்கொன்று என்ற அளவிலுளது. ஆயின் தொற்றிய சிசுக்கள் யாவும் நோயுறுவதில்லை. கிருமியைத் தாங்கிய தாய்மாரின் சிசுக்கள் நூற்றுள் ஒன்றோ இரண்டோதான் நோயுறுகின்றன. இவ் வேறுபாடே ஆராய்ச்சியாளரின் சிந்தையைத் தூண்டியது.

இக் கிருமியைச் சுற்றிப் பல்சக்கரைட்டாலாகிய உறையொன்றுண்டு. அவ் வுறையிற் சியாலிக்கமிலம் இருக்கின்றது. நம் உடற் கலங்களின் மேற்பரப்பிலும் அதே பொருள் உளது. பகைவன் நம்மவர் உடையை உடுத்துவந்தாற் காவலர் மயங்குவரன்றோ? அவ்வாறே உடலின் காப்புப் பொருள்களும் மயங்குகின்றன. அவ் வேடத்தைக் கலைப்பது உறைக்கெதிரான பிறபொருளெதிரி. சிசு இதனைத் தானே ஆக்கவல்லதன்று. தாயின் குருதியிலுள்ளதே சூல்வித்தகத்தின் வழியாகக் கருவைச் சேரல் வேண்டும். 1976இல் கறொல் பேக்கர், டெனிஸ் காஸ்பர் என்னும் அமெரிக்க வைத்தியர் இருவர், நோயுற்ற சிசுக்களின் தாய்மாரிடத்து இப் பொருள் மிகக் குறைந்திருந்தமையைக் காட்டினர். எனவே கிருமியும் தாயிடமிருந்தே வருகின்றது. கவசமும் தாயிடமிருந்தே வருகின்றது. கவசம் பெரும்பாலும் கருப்பத்தின் இறுதி மாதங்களிலேயே சிசுவை அடைதலின், குறைமாதத்திற் பிறந்தவை மிகுந்த ஆபத்துக்கு உள்ளாகின்றன.

ஈண்டு ஒன்று கூறல் வேண்டும். இக் கிருமியைத் தாங்குதல் அசுத்தத்தின் விளைவன்று. ஒழுக்கக் குறைவின் அடையாளமுமன்று. குழந்தையை இழந்த தாயைப் பழித்தல் அறியாமையும் கொடுமையுமாகும்.

பிறந்த முதல் ஆறு நாட்களுள், பெரும்பாலும் முதல் நாளிலேயே, தோன்றுவது முந்திய நோய். பன்னீர்க்குடத்து நீரிற் புகுந்த கிருமியைச் சிசு மூச்சுடன் உள்வாங்க, அது சுவாசப்பையிலிருந்து குருதிக்குச் செல்லும். ஒரு வாரம் முதல் மூன்று மாதம் வரையில் தோன்றுவது பிந்திய நோய். இதில் மூளையைப் போர்த்த மென்சவ்வின் அழற்சி அடிக்கடி நேரும். பிழைத்த குழந்தைகளுட் சில செவிப்புலனையோ அறிவு வளர்ச்சியையோ இழக்கின்றன. சிசுவுக்கு எப்போதுஞ் சுரம் காயும் என எதிர்பார்த்தல் தவறு. சிலவேளை உடல் குளிர்ந்தும் போகும். பால் குடிக்க மறுத்தல், முனகல், விரைந்த மூச்சு, தோல் வெளிறல், துவண்டு கிடத்தல் ஆகியனவே குறிகள். நேற்றுவரை நன்றாகப் பாலருந்திய கைக்குழந்தை இன்று அதனை வேண்டாது துவளின், அது நாளை தேறும் எனக் காத்திராது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.

இனித் தடுக்கும் வழியை நோக்குவோம். கருப்பகாலத்திற் பெனிசிலின் மாத்திரைகளை உட்கொண்டு கிருமியை ஒழிக்க முயன்றமை பயனளிக்கவில்லை. குடலிற் பதுங்கியது பிரசவத்துக்குமுன் மீண்டும் பெருகிவிடும். தாக்க வேண்டிய வேளை பிரசவ வேதனை தொடங்கியபின் உள்ள சில மணி நேரமே. இதனை 1986இற் சிக்காகோ நகரத்துப் பொயர், கொட்டொவ் என்னும் இருவர் தெளிவுறுத்தினர். கிருமியைத் தாங்கி, ஆபத்துக் குறிகளும் உடையராயிருந்த தாய்மாருட் சிலருக்குப் பிரசவ வேளையில் அம்பிசிலின் நாளத்தின் வழியே ஏற்றப்பட்டது. அவர் பெற்ற 85 சிசுக்களுள் ஒன்றின் குருதியிலேனுங் கிருமி காணப்படவில்லை. மருந்து பெறாத தாய்மாரின் 79 சிசுக்களுள் ஐந்திற் காணப்பட்டது.

இதன்பின்னரும் பத்தாண்டுகள் கழிந்தே, 1996இல், அமெரிக்காவிற் பொதுவான நெறிமுறை பிறந்தது. யாருக்கு மருந்தளிப்பது என்பதே வாதமாயிருந்தது. சுரம், குறைமாதப் பிரசவம், பன்னீர்க்குடம் உடைந்து 18 மணி நேரங் கழிதல் முதலிய குறிகளை நோக்கி அளிப்பது ஒரு முறை. கருவுற்றார் யாவரையும் இறுதி வாரங்களிற் சோதித்து, கிருமியுள்ளோர்க்கு அளிப்பது மற்றொன்று. பின்னதே சிறந்ததென 2002இல் வெளியான பெரும் ஆய்வு காட்டவே, அவ் வாண்டே அது பொது விதியாயிற்று. பஞ்சுக் குச்சியால் ஒற்றியெடுத்து வளர்ப்பூடகத்தில் இட்டுப் பார்ப்பதே சோதனை. பிறப்புக்கு நான்கு மணி நேரத்துக்கு முன்னரேனும் பெனிசிலின் ஏற்றப்படின் நற்பயன் உண்டு. 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அந் நாட்டில் ஆயிரம் பிறப்புக்கு ஏறத்தாழ 1.7 ஆயிருந்த முந்திய நோய், பின்னர் 0.3க்குங் கீழாகக் குறைந்தது.

ஆயின் பிந்திய நோயை இம் முறை குறைக்கவில்லை. கருப்பையிலேயே நேரும் மரணத்தையும் இது தடுக்காது. ஆய்வுகூட வசதியில்லாத இடங்களில் யாவரையுஞ் சோதித்தல் எளிதுமன்று. ஆதலின் தாய்க்கே தடுப்பூசியிட்டு அவளது கவசத்தைப் பெருக்கலாமோ என்ற எண்ணம் வலுத்தது. பேக்கரும் காஸ்பரும் கருவுற்ற பெண்களுக்கு அத்தகைய ஊசியிட்டுப் பார்த்த முடிவை 1988இல் வெளியிட்டனர். கிருமியின் உறை பத்து வகைப்படுதலின், ஒரு வகைக்கான ஊசி பிறவகைகளுக்கு உதவாது. ஆறு வகைகளுக்கெதிரான தடுப்பூசி தென்னாபிரிக்காவிற் சோதிக்கப்பட்டு, தாயிடம் உண்டாகிய பிறபொருளெதிரி சிசுவையுஞ் சேர்ந்தமை 2023இல் அறிவிக்கப்பட்டது. அவ்வாறு சேர்ந்தது நோயை எத்துணை தடுக்கும் என்பதை அறுதியிட, அதனினும் மிகப் பல தாய்மாரைக் கொண்ட ஆய்வு வேண்டும்.