உச்சி வெயில் காலை எட்டரைக்கா?

களமருதூர் மாணவர்கள் சிலர் வேப்பமர நிழலில் மின் வெப்பமானி ஒன்றைப் பொருத்தி, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அது காட்டும் அளவைத் தொலைவிலுள்ள ஒரு லினக்ஸ் கணிப்பொறியில் பதியச் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் பட்டியலைப் பார்த்தால், வெப்பம் உச்சத்தை எட்டியது காலை 8.30 மணிக்கு என்றிருக்கிறது! வெப்பமானி சரிதான், கணிப்பொறியின் கடிகாரமும் சரிதான். பின் கோளாறு எங்கே?

யூனிக்ஸ் வழிவந்த கணிப்பொறிகள் 1970 ஜனவரி 1ஆம் நாள் கிரீன்விச் நள்ளிரவிலிருந்து விநாடிகளை எண்ணி வருகின்றன. அந்த எண்ணை மணி, நிமிடமாக மாற்றும்போதுதான் 'எந்த ஊர் நேரம்?' என்ற கேள்வி எழுகிறது. பலரும் பயன்படுத்தும் தொலைதூரக் கணிப்பொறிகளைப் பெரும்பாலும் உலகப் பொது நேரத்துக்கே அமைத்திருப்பார்கள். இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. பிற்பகல் 2 மணி காலை 8.30 ஆனது இப்படித்தான்.

இதைத் திருத்த, நம் ஆணைகளை வாங்கி நிறைவேற்றும் 'ஷெல்' என்ற நிரலிடம் ஒரு வரி சொன்னால் போதும்: எக்ஸ்போர்ட் டிஇசட்=ஏஷியா/கொல்கத்தா. (ஒலிப்பை மட்டுமே இங்கே தமிழில் தருகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்துகள் வேண்டும், டிஇசட் பெரிய எழுத்தில்.) சமக்குறியின் இருபுறமும் இடைவெளி விடக்கூடாது. ஊர்ப் பெயரில் எழுத்து தவறினால் கணிப்பொறி குறை சொல்லாது. பேசாமல் உலகப் பொது நேரத்தையே காட்டும்! இனி 'டேட்' என்று தட்டினால் நம் நேரம் வரும்.

ஆனால் வெளியேறி மீண்டும் நுழைந்து பாருங்கள். பழைய நேரமே!

டிஇசட் போன்றவற்றைச் சூழல் மாறிகள் என்பர். 1979இல் பெல் ஆய்வுக்கூடம் வெளியிட்ட யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இவை வந்தன. ஒரு நிரல் இன்னொரு நிரலைத் தொடங்கும்போது தன் சூழல் மாறிகளின் நகலை அதனிடம் கொடுத்தனுப்புகிறது. தாய் கடைக்கு அனுப்பும் பிள்ளையின் கையில் சீட்டின் நகலைத் தருவது போல. பிள்ளை அதில் எதை அடித்துத் திருத்தினாலும் தாயிடமுள்ள மூலச் சீட்டு மாறாது. ஷெல் முடிந்ததும் அதன் சீட்டும் அழிகிறது. மின்சாரம் நின்றதால் அல்ல, அந்த நிரல் முடிந்ததால்தான் என்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் நிலைக்கச் செய்வது எப்படி? மாறியை நிலைக்கச் செய்ய முடியாது. ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதவைக்கலாம். நாம் பெயரும் கடவுச்சொல்லும் தந்து நுழைந்தவுடன், ஷெல் நமக்குரிய கோப்பகத்திலுள்ள 'ப்ரொஃபைல்' என்ற கோப்பைப் படித்து, அதிலுள்ள ஆணைகளை நிறைவேற்றும். பெயர் புள்ளியில் தொடங்குவதால் அது சாதாரணப் பட்டியலில் தெரியாது. அதன் கடைசியில் மேற்படி வரியைச் சேர்த்துவிடுங்கள். ஏற்கெனவே நுழைந்தவர் திரையில் திறக்கும் புதிய ஷெல் சாளரங்கள் படிப்பது வேறு கோப்பு: பாஷ் வகை ஷெல்லுக்கு 'பாஷ்-ஆர்சி'. அதற்கும் முன்னால் புள்ளி உண்டு. கோப்பைத் திருத்திய கையோடு பலன் வேண்டுமானால் 'சோர்ஸ்' என்ற ஆணையுடன் கோப்பின் பெயரைத் தட்டுங்கள். அதைத் தனி நிரலாக ஓட்டினால் திருத்தம் பிள்ளையின் சீட்டோடு போய்விடும்.

இவ்வளவும் செய்த பிறகும் வெப்பப் பட்டியலில் காலை எட்டரையே வரக்கூடும்! பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பதிவு நிரலை எழுப்புவது நாமல்ல, 'க்ரான்' என்ற காவல்காரன். அவன் நம் ப்ரொஃபைலைப் படிப்பதில்லை. ஆகவே அவன் எழுப்பும் ஆணைக்கோப்பின் தொடக்கத்திலேயே எக்ஸ்போர்ட் வரியை எழுதவேண்டும். அங்கிருந்து பிறக்கும் பதிவு நிரல் அதை நகலாகப் பெற்றுக்கொள்ளும்.

டிஇசட் சரியாக அமைந்ததும் ஒரு வேடிக்கை செய்து பாருங்கள். 1903 ஜனவரி 1ஆம் தேதியைக் காட்டுமாறு டேட் ஆணையைக் கேளுங்கள். நேரத்தின் அருகே 'எம்எம்டி' என்று வரும். மெட்ராஸ் நேரம் என்று பொருள்! 1906 ஜனவரி 1இல் இந்தியப் பொது நேரம் வருமுன் நம் ரயில்கள் சென்னை வானாய்வுக்கூட நேரப்படியே ஓடின. கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 10 விநாடி முந்திய அந்த நேரம், கொல்கத்தா என்ற பெயருள்ள சிறு கோப்புக்குள் இன்றும் பதிந்திருக்கிறது.