டப்பா சின்னது... பில்லும் சின்னதா? எடைக்குறைப்பு ஊசி போடுபவர்களுக்காக வரும் ‘ரெடி மீல்’கள்: வாங்கும் முன் கவனிக்க வேண்டியது என்ன?

பிரிட்டனில் ஒரு சூப்பர் மார்க்கெட். ரெடி மீல் வைத்திருக்கும் குளிர்ப்பெட்டி முன்னால் நிற்கிறீர்கள். வழக்கமான 400 கிராம் பாஸ்தா டப்பாவுக்குப் பக்கத்திலேயே, கிட்டத்தட்ட அதில் பாதி அளவில் இன்னொரு டப்பா. மேலே ‘புரதம் அதிகம்’, ‘நார்ச்சத்து உண்டு’ என்று பெரிய எழுத்து. குழந்தைகளுக்கான உணவு போல இருக்கிறது. ஆனால் இது பெரியவர்களுக்குத்தான். குறிப்பாக, வாரம் ஒரு ஊசி போட்டு உடல் எடையைக் குறைப்பவர்களுக்கு!

2026 பிறந்த நேரத்தில் எம் அண்ட் எஸ் ‘நியூட்ரியன்ட் டென்ஸ்’ என்ற பெயரிலும், கோ-ஆப் ‘குட் ஃப்யூல்’ என்ற பெயரிலும், மாரிசன்ஸ் ‘ஸ்மால் அண்ட் பேலன்ஸ்டு’ என்ற பெயரிலும் இப்படிப்பட்ட உணவுகளை பிரிட்டனில் களமிறக்கின. அமெரிக்காவில் இது இன்னும் முன்பே தொடங்கிவிட்டது.

குறைவாகச் சாப்பிடுபவருக்கு எதற்குத் தனி உணவு? இருப்பதையே பாதியாகச் சாப்பிட்டால் போதாதா? இந்தக் கேள்விக்கு விடை தெரிய, முதலில் அந்த ஊசி உடலுக்குள் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

ஊசி என்ன செய்கிறது?

நாம் சாப்பிட்டதும் குடலில் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரக்கிறது. இன்சுலினைச் சுரக்கும்படி கணையத்தைத் தூண்டுவது, வயிறு காலியாகும் வேகத்தைக் குறைப்பது, ‘போதும்பா’ என்று மூளைக்குச் சொல்வது எல்லாம் இதன் வேலை. இயற்கையாகச் சுரக்கும் ஜிஎல்பி-1 சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடும். அதைப் போலவே வேலை செய்து, பல நாட்கள் உடலில் தங்கும்படி தயாரிக்கப்பட்டவைதான் இந்த ஊசி மருந்துகள். ஓசெம்பிக், வெகோவி இரண்டிலும் இருப்பது செமாகுளுடைடு. மவுஞ்சாரோவில் இருப்பது டிர்செபடைடு. இது ஜிஎல்பி-1 உடன் ஜிஐபி என்ற இன்னொரு ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

பலன் எவ்வளவு? 2021-ல் வெளியான ஆய்வில், செமாகுளுடைடு எடுத்தவர்கள் 68 வாரங்களில் சராசரியாக 14.9 சதவீத எடையை இழந்தார்கள். 2022-ல் வெளியான ஆய்வில், டிர்செபடைடின் அதிகபட்ச டோஸ் எடுத்தவர்கள் 72 வாரங்களில் 20.9 சதவீதம் இழந்தார்கள். அதாவது 100 கிலோ இருந்தவர் சுமார் 80 கிலோவுக்கு வருகிறார்.

அமெரிக்காவில் பெரியவர்களில் எட்டில் ஒருவர் இந்த வகை மருந்தை ஒருமுறையாவது எடுத்திருப்பதாக, கேஎஃப்எஃப் அமைப்பு 2024-ல் நடத்திய கருத்துக்கணிப்பு சொன்னது. எட்டில் ஒருவருக்குப் பசி குறைந்தால் அது டாக்டர்களுக்கு மட்டுமா செய்தி? உணவு விற்பவர்களுக்கும்தான்.

கடைக்காரர்களுக்கு ஏன் பதற்றம்?

2023 அக்டோபரிலேயே, ஊசி போடும் வாடிக்கையாளர்களின் கூடை லேசாகச் சுருங்குவதைக் கவனித்ததாக வால்மார்ட் நிறுவனத்தின் அமெரிக்கப் பிரிவுத் தலைவர் ஜான் ஃபர்னர் சொன்னார். பின்னர் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான வீடுகளின் பில்களைப் பார்த்தார்கள். வீட்டில் ஒருவர் ஊசி போடத் தொடங்கிய ஆறு மாதத்துக்குள் மளிகைச் செலவு சுமார் 5 முதல் 6 சதவீதம் குறைந்திருந்தது. சிப்ஸ், இனிப்பு, பிஸ்கட் வகைகளில்தான் பெரிய அடி. யோகர்ட் போன்ற சில பொருட்களுக்கு மட்டும் லேசான ஏற்றம்.

ஐந்து சதவீதம்தானே என்று நமக்குத் தோன்றலாம். மெல்லிய லாபத்தில் ஓடும் சூப்பர் மார்க்கெட்டுக்கு அது சின்ன விஷயம் இல்லை. போகும் வாடிக்கையாளரைப் பிடித்து நிறுத்த வேண்டும். குறைவாகத்தான் சாப்பிடுவார் என்றால், அந்தக் குறைவான சாப்பாட்டையும் நம்மிடமே வாங்க வைக்க வேண்டும். இதுதான் அந்தக் குட்டி டப்பாவின் பிசினஸ் லாஜிக்.

முதலில் இறங்கிய பெரிய நிறுவனம் நெஸ்லே. 2024 மே மாதம் ‘வைட்டல் பர்சூட்’ என்ற ஃப்ரோசன் உணவு வரிசையை அமெரிக்காவுக்காக அறிவித்தது. சின்ன பீட்சா, பாஸ்தா, சாண்ட்விச் என 12 வகைகள், விலை 4.99 டாலருக்குள். அடுத்து கோனாக்ரா. புதிதாகச் சமைக்கக்கூட இல்லை. தன் ‘ஹெல்தி சாய்ஸ்’ வரிசையில் ஏற்கனவே இருந்த 26 உணவுகளின் டப்பாவில், 2025 ஜனவரி முதல் ‘ஜிஎல்பி-1 ஃப்ரெண்ட்லி’ என்று ஒரு முத்திரை குத்தியது. உள்ளே அதே சாப்பாடு, வெளியே புது வாசகம்.

அப்போ இது வெறும் மார்க்கெட்டிங்தானா?

முழுக்க அப்படியும் சொல்லிவிட முடியாது. இந்த டப்பாக்களுக்குப் பின்னால் நிஜமான ஒரு மருத்துவப் பிரச்சனை இருக்கிறது.

எடை குறையும்போது கொழுப்பு மட்டும் கரைவதில்லை, தசையும் கரைகிறது. இழந்த மொத்த எடையில் தசை உள்ளிட்ட கொழுப்பல்லாத பகுதியின் பங்கு, செமாகுளுடைடு ஆய்வில் சுமார் 40 சதவீதம். டிர்செபடைடு ஆய்வில் சுமார் 25 சதவீதம். எப்படி எடை குறைத்தாலும் ஓரளவு இது நடக்கும். ஆனால் குறைகிற எடையே அதிகம் என்பதால் இழப்பும் அதிகம். இளைஞர்களுக்குப் பெரிதாகத் தெரியாது. 60 வயதைத் தாண்டியவருக்கு? படி ஏறுவதும், தரையிலிருந்து எழுவதும், தடுமாறி விழாமல் இருப்பதும் தசையை நம்பித்தான் இருக்கிறது.

இதோடு பக்க விளைவுகளும் சேர்ந்துகொள்கின்றன. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் ஆகியவை பரவலாக வருபவை. சமைக்கும் வாசனையே சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. நாள் முழுக்க ரெண்டு பிஸ்கட், ஒரு காபியோடு ஓட்டிவிடுவார்கள். பசியே இல்லாததால் அது தப்பு என்றும் தெரியாது.

அதனால்தான் ‘இருப்பதையே பாதி சாப்பிடு’ என்ற யோசனை பாதிதான் சரி. சாப்பாட்டைப் பாதியாக்கினால் கலோரி மட்டுமல்ல, புரதமும் நார்ச்சத்தும் இரும்பும் பாதியாகிவிடும். உடலுக்கு இவற்றின் தேவை அந்த அளவுக்குக் குறைவதில்லை. ஆக, கொஞ்சமாகச் சாப்பிடுபவரின் ஒவ்வொரு வாய்க்கும் மதிப்பு அதிகம். தனியாக வசிப்பவர், சமைக்கத் தெம்பில்லாதவர், பெரிய டப்பாவில் பாதியைக் குப்பையில் கொட்டுபவர் ஆகியோருக்கு, உள்ளே சரக்கு சரியாக இருந்தால், சின்ன டப்பா உதவிதான்.

சரக்கு சரியாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

‘புரதம் அதிகம்’... எவ்வளவு அதிகம்?

ரொம்பப் பேர் ஏமாறும் இடம் இது. பிரிட்டனில் ஒரு உணவை ‘புரதம் அதிகம்’ என்று சொல்ல சட்ட விதி உண்டு. அந்த உணவின் மொத்த கலோரியில் குறைந்தது 20 சதவீதம் புரதத்திலிருந்து வர வேண்டும். கவனியுங்கள், விதி பேசுவது விகிதத்தைப் பற்றி. அளவைப் பற்றி அல்ல.

ஒரு கணக்குப் போடலாம். ஒரு கிராம் புரதம் 4 கலோரி தரும்.

• பெரிய டப்பா: 500 கலோரி, 30 கிராம் புரதம். புரதத்தின் பங்கு 120 கலோரி, அதாவது 24 சதவீதம். ‘புரதம் அதிகம்’ என்று எழுதலாம்.

• குட்டி டப்பா: 200 கலோரி, 12 கிராம் புரதம். புரதத்தின் பங்கு 48 கலோரி. இதுவும் 24 சதவீதம்! இதிலும் ‘புரதம் அதிகம்’ என்று எழுதலாம்.

ரெண்டு டப்பாவிலும் ஒரே வாசகம். உள்ளே 30 கிராம் எங்கே, 12 கிராம் எங்கே? பிரிட்டன் பரிந்துரைப்படி ஒருவருக்கு அவரது எடையில் கிலோவுக்கு 0.75 கிராம் புரதம் தினமும் வேண்டும். 70 கிலோ எடை உள்ளவருக்கு சுமார் 53 கிராம். எடை குறைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இதைவிடக் கூடுதலாகத்தான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். அப்படிப்பட்டவர் ஒரு நாளில் ரெண்டு குட்டி டப்பா மட்டும் சாப்பிட்டால் கிடைப்பது 24 கிராம். பாதிகூட இல்லை. ஆனால் டப்பாவைப் பார்த்த நிம்மதியில், ‘நான் புரோட்டீன் சரியாத்தான் எடுக்கிறேன்’ என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

‘ஜிஎல்பி-1 ஃப்ரெண்ட்லி’ என்பதற்கோ இந்த அளவுக்குக்கூட வரையறை கிடையாது. எத்தனை கிராம் புரதம் இருந்தால் அப்படிச் சொல்லலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எந்த அளவுகோலும் வகுக்கவில்லை. பிரிட்டனில் மருந்துச் சீட்டு தேவைப்படும் மருந்துகளை பொதுமக்களிடம் விளம்பரப்படுத்தவே தடை. எனவே அங்கே டப்பாக்களில் மருந்தின் பெயரைப் பார்க்க முடியாது. ‘சின்னப் பசி’, ‘சத்து அடர்த்தி’ போன்ற வார்த்தைகள்தான் அந்த வேலையைச் செய்கின்றன.

விலையில் என்ன சூட்சுமம்?

டப்பா பாதியாகும்போது விலையும் பாதியாக வேண்டும் என்று கட்டாயமில்லை. உதாரணத்துக்கு, 400 கிராம் உணவு 4 பவுண்டு என்றால் 100 கிராமுக்கு 1 பவுண்டு. 250 கிராம் உணவு 3.50 பவுண்டு என்றால் 100 கிராமுக்கு 1.40 பவுண்டு. பில்லில் 50 பென்ஸ் மிச்சம் போலத் தெரியும். உண்மையில் நீங்கள் கொடுப்பது 40 சதவீதம் கூடுதல் விலை. சமைக்க, பேக் செய்ய, லாரியில் ஏற்ற ஆகும் செலவு டப்பா சுருங்கும் அளவுக்குச் சுருங்காது என்பது நிறுவனங்கள் தரப்பு நியாயம். அதுவும் உண்மைதான். ஆனால் அந்தச் செலவை ஏற்பது நீங்கள்.

பிரிட்டனில் பலர் ஊசியையே சொந்தக் காசில்தான் வாங்குகிறார்கள். 2025 செப்டம்பரில் மவுஞ்சாரோவின் அதிகபட்ச டோஸுக்கான மொத்த விலை 122 பவுண்டிலிருந்து 330 பவுண்டானது. ஊசிக்கு ஒரு செலவு, ஊசிக்கேற்ற சாப்பாட்டுக்கு இன்னொரு செலவு என்றால் கட்டுப்படியாகுமா?

டப்பாவின் பின்பக்கத்தில் என்ன பார்க்க வேண்டும்?

முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம்தான் விவரம். நாலே விஷயம் பாருங்கள்:

• புரதம்: சதவீதத்தை விடுங்கள். ‘ஒரு டப்பாவுக்கு எத்தனை கிராம்’ என்று பாருங்கள். ஒரு வேளைக்கு 20 கிராமாவது வருகிறதா?

• நார்ச்சத்து: பிரிட்டன் பரிந்துரை ஒரு நாளைக்கு 30 கிராம். மலச்சிக்கல் இருப்பவர்கள் இதைத் தவற விடக்கூடாது. தண்ணீரும் சேர்த்துத்தான்.

• உப்பு: நாள் ஒன்றுக்கு 6 கிராமுக்கு மேல் கூடாது. ரெடி மீல்களில் இது சத்தமில்லாமல் ஏறும்.

• 100 கிராம் விலை: பிரிட்டனில் ஷெல்ஃப் சீட்டிலேயே சின்ன எழுத்தில் இருக்கும். பெரிய டப்பாவோடு ஒப்பிடுங்கள்.

இன்னொரு விஷயம். செமாகுளுடைடை நிறுத்தியவர்களை ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்திருந்தது. பசி திரும்பும் நாளில் குட்டி டப்பா போதாது. அதற்குள் என்ன சாப்பிடுவது, எப்படிச் சமைப்பது என்ற பழக்கம் கைக்கு வந்திருந்தால்தான் தாக்குப்பிடிக்க முடியும். தசையைக் காக்கவும் புரதம் மட்டும் போதாது. எடை தூக்குவது போன்ற பயிற்சியும் வேண்டும். அது எந்த டப்பாவிலும் வராது.

நமக்கும் இதில் வேலை இருக்கிறதா?

இருக்கிறது. மவுஞ்சாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி 2025 ஜூனிலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்துவிட்டன. செமாகுளுடைடுக்கு இங்கே காப்புரிமை 2026 மார்ச் வரைதான். அதன் பிறகு இந்திய நிறுவனங்களும் தயாரிக்கலாம், விலை இறங்கலாம். மருந்து பரவினால், முத்திரை குத்திய டப்பாவும் பின்னாலேயே வரும்.

நம் தட்டில் சிக்கல் இன்னும் கொஞ்சம் கூடுதல். சோறும் இட்லியும் தோசையும்தான் பாதிக்கு மேல் இடத்தைப் பிடிக்கின்றன. பசி இல்லாதவர் நாலு வாய் ரசம் சாதத்தோடு எழுந்துவிட்டால், புரதம் மிகக் கொஞ்சம்தான் உள்ளே போயிருக்கும். வழி ரொம்ப எளிது. தட்டில் முதலில் எதைச் சாப்பிடுகிறோம் என்பதை மாற்றினால் போதும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். 100 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 8 முதல் 9 கிராம். 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம். முதலில் சுண்டல், முட்டை, மீன், கெட்டிப் பருப்பு. பிறகு காய். சோறு கடைசியில், இடம் இருந்தால்.

ஊசி போடலாமா, எவ்வளவு புரதம் வேண்டும் என்பதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். சிறுநீரகப் பிரச்சனை இருப்பவர்கள் புரதத்தைத் தாங்களாகக் கூட்டவே கூடாது. குட்டி டப்பா கைக்கு வந்தால் வாங்குங்கள், தப்பில்லை. காசு கொடுக்கும் முன் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிடுங்கள், அவ்வளவுதான்.