விடுதியின் சாவி யார் கையில்?



பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது என்று கடிதம் வந்த அன்று வீடு முழுவதும் மகிழ்ச்சிதான். பக்கத்து வீட்டாருக்கும் இனிப்புப் போகிறது. மறுநாள் விடியற்காலையில், வேலைக்குப் புறப்படும் நேரத்தில், தாயின் மனத்தில் ஒரு கேள்வி எழுகிறது: "வயசுப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பினால் அங்கே யார் பார்த்துக்கொள்வார்கள்?"

மகனுக்குக் கடிதம் வந்திருந்தால் இந்தக் கேள்வி இவ்வளவு உரக்க எழுவதில்லை. மகளுக்கு வந்தால் எழுகிறது. சில வீடுகளில் அந்தக் கேள்வியோடு படிப்பே நின்றுபோகிறது. ஆசிரியர்களாகிய நாம் இதைக் கண்டிருக்கிறோம். ஆகவே, பல்கலைக்கழக விடுதியில் பெண்களைக் காப்பது எது என்பதை இன்று சற்று நிதானமாகப் பார்ப்போம்.

இந்தக் கேள்வி நம் தாய்மார்களுக்கு மட்டும் உரியது அன்று. பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறந்த நாடுகளில் எல்லாம் இது எழுந்தது. அமெரிக்காவில் 1892 இல் சிக்காகோ பல்கலைக்கழகம் பாடம் தொடங்கியபோதே பெண்களுக்குப் பொறுப்பாக மேரியன் டால்பட் என்ற அம்மையார் அமர்த்தப்பட்டார். பிறகு பல பல்கலைக்கழகங்களில் 'மகளிர் டீன்' என்ற பதவி ஏற்பட்டது. மாணவியரின் தங்குமிடம், உடல்நலம், படிப்பு, நடத்தை ஆகிய அனைத்தும் அவர் கண்காணிப்பில் இருந்தன. பெற்றோர் இல்லாத இடத்தில் பல்கலைக்கழகமே பெற்றோராக நிற்க வேண்டும் என்பது அக்காலத்துக் கொள்கை.

கொள்கை நல்லதாகவே தோன்றுகிறது. நடைமுறையில் என்ன ஆயிற்று? இரவில் குறித்த நேரத்துக்குள் மாணவியர் விடுதிக்குத் திரும்ப வேண்டும். அதன்பின் கதவு பூட்டப்படும். வெளியே போனால் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். ஆண் மாணவருக்கோ பெரும்பாலும் இத்தகைய நேரக்கட்டு இல்லை. ஒரே வகுப்பில் ஒரே பாடத்தைப் படித்த இருவரில் ஒருவர் பெரியவராகவும் மற்றவர் குழந்தையாகவும் நடத்தப்பட்டனர்.

இதற்கு மாற்று வழி ஒன்றும் அதே 1892 இல் தோன்றியது. பென்சில்வேனியாவில் உள்ள பிரின் மார் என்ற பெண்கள் கல்லூரியில், மாணவியர் தங்கள் நடத்தை விதிகளைத் தாங்களே வகுத்துத் தாங்களே நடைமுறைப்படுத்தச் சுயஆட்சிச் சங்கம் ஒன்று அமைந்தது. காலப்போக்கில் பல பல்கலைக்கழகங்களிலும் மாணவியர் சங்கங்கள் உருவாயின. ஆனால் அவற்றில் பல, மேலிடம் வகுத்த விதிகளைக் காவல் காக்கும் வேலையைத்தான் செய்துவந்தன.

கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1956 இல் மகளிர் டீனாகப் பொறுப்பேற்ற எமிலி டெய்லர் என்ற அம்மையார் அந்தச் சங்கத்தை உண்மையான ஆட்சிமன்றமாக வளர்க்க முயன்றார். விதிகளை மாணவியரே கூடிப் பேசி முடிவு செய்யட்டும் என்றார். கதவு எந்நேரம் மூடுவது, ஏன் அந்நேரம், அதனால் யாருக்கு என்ன நன்மை என்று அவர்களே வாதிட்டு வாக்களிக்க வேண்டும். அவர் காலத்தில் இறுதியாண்டு மாணவியர் கையில் விடுதியின் சாவியே கொடுக்கப்பட்டது. பெற்றோரிடம் கவலை எழாமல் இல்லை. எனினும், படிப்பை முடித்துத் தனியே வேலைக்குப் போகப் போகிற பெண், தன் நேரத்தைத் தானே ஆளக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம்.

"இது எங்கோ அமெரிக்காவில் நடந்த கதை, நமக்கு என்ன?" என்று நேயர்கள் கேட்கலாம். நம் தோட்ட வாழ்க்கையிலேயே இதற்கு ஒப்புமை உண்டு. ஒரு காலத்தில் தோட்டத்தின் சட்டமெல்லாம் துரையின் பங்களாவிலிருந்து வந்தது. அவர் நல்லவராக இருந்தால் நன்மை. இல்லாவிட்டால் வேலியே பயிரை மேய்ந்த கதை. 1954 இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. அதன்பின் சம்பளமும் வேலை நேரமும் மேசையின் இரு பக்கமும் அமர்ந்து பேசி ஒப்பந்தமாக எழுதப்பட்டன. விதி ஒழியவில்லை, விதியை வகுப்பதில் நமக்கும் பங்கு கிடைத்தது. சுயஆட்சி என்பது இதுதான். விதி இல்லாமல் வாழ்வது அன்று. தனக்குப் பொருந்தும் விதியைத் தானும் சேர்ந்து வகுப்பது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கிள்ளானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலை வழியாகக் கோலாலம்பூர் வரும்போது, பிரிக்பீல்ட்ஸை எட்டுவதற்கு முன்பே லெம்பா பந்தாயில் மலாயாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இப்பல்கலைக்கழகம் 1949 இல் சிங்கப்பூரில் தொடங்கியது. 1959 இல் கோலாலம்பூரில் அதன் பிரிவு ஏற்பட்டது. 1962 ஜனவரி முதல் நாள் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. வளாகத்துக்குள்ளேயே தங்கும் கல்லூரிகள் கட்டப்பட்டன. துவாங்கு பாஹியா, துங்கு குர்ஷியா என்ற பேரரசியர் பெயர்களை அவற்றுள் இரண்டு தாங்கி நிற்கின்றன. ஒவ்வொரு கல்லூரிக்கும் பெங்கெத்துவா எனப்படும் முதல்வர் ஒருவர் உண்டு. அவருக்குத் துணையாக அங்கேயே தங்கும் பெலோக்கள் உண்டு. அவர்களோடு மாணவர் செயற்குழுவும் உண்டு.

ஆக, "யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்ற தாயின் கேள்விக்கு முதல் பாதி விடை இதோ: முதல்வரும் பெலோவும் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் நள்ளிரவில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் முதலில் அறிபவர் அடுத்த அறைத் தோழிதான். குளியலறை விளக்கு எரியவில்லை, பேருந்து நிறுத்தத்திலிருந்து வரும் பாதை இருட்டாக இருக்கிறது என்பதையும் அங்கே நடப்பவர்தான் அறிவர். அதை எழுத்தில் கொடுத்து, கூட்டத்தில் எழுந்து பேசி, சரிசெய்யும் வரை விடாமல் கேட்கும் பெண் ஒருத்தி செயற்குழுவில் இருக்க வேண்டும். இது விடையின் மறு பாதி.

இந்தச் சுயஆட்சி ஒருமுறை கிடைத்தால் என்றும் நிலைத்திருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. மலாயாப் பல்கலைக்கழக மாணவர் சங்கம் ஒரு காலத்தில் வலிமை மிக்கதாக இருந்தது. 1974 இல் அச்சங்கம் இடைநிறுத்தப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில், ரப்பர் விலை வீழ்ச்சியால் வாடிய பாலிங் வட்டாரச் சிறுதோட்டக்காரர்களுக்காக மாணவர்கள் கோலாலம்பூரில் திரண்டபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். 1971 இல் இயற்றப்பட்டிருந்த பல்கலைக்கழகச் சட்டம் 1975 இல் மேலும் கடுமையாக்கப்பட்டது. மாணவர் நடவடிக்கைகள் பெருமளவு நிருவாகத்தின் கீழ் வந்தன. 2012 இலும் 2018 இலும் செய்த திருத்தங்கள் அக்கட்டுகள் சிலவற்றைத் தளர்த்தின. அன்றைய முடிவுகள் சரியா, தவறா என்பது இன்றைய பேச்சின் பொருள் அன்று. பயன்படுத்தத் தெரிந்தவர் இருந்தால்தான் உரிமை வாழும் என்பதே நாம் இங்கே கொள்ள வேண்டிய பாடம்.

பயன்படுத்தத் தெரிந்த பெண்கள் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். 1960 இல் மலாயாவில் ஆசிரியைகளுக்கென்று தனிச் சங்கம் அமைந்தபோது அதற்குத் தலைமை ஏற்றவர் திருமதி ராசம்மா பூபாலன். ஒரே வேலை செய்யும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்பது அச்சங்கத்தின் கோரிக்கை. அரசு ஊழியரான பெண்களுக்கு 1969 முதல் அது படிப்படியாகக் கிடைத்தது. கூட்டம் கூட்டவும், கணக்குக் காட்டவும், மறுப்பவரிடம் மரியாதை குறையாமல் வாதாடவும் தெரிந்த பெண்கள் இருந்ததால்தான் இது முடிந்தது.

இந்தப் பழக்கம் பல்கலைக்கழக வாசலில் திடீரென்று வந்துவிடாது. வீட்டுச் சாவியையும் மாதச் சாமான் கணக்கையும் மகளிடமும் கொடுத்துப் பாருங்கள். பள்ளியில் வகுப்புத் தலைவர் பொறுப்பு பெண் பிள்ளைகளுக்கும் முறையாக வர வேண்டும் என்று ஆசிரியர்களாகிய எங்களைக் கேளுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் தாய்மார்கள் பின்வரிசையில் அமர்ந்து தலையசைப்பதோடு நின்றுவிடாமல், எழுந்து ஒரு வார்த்தை பேசுங்கள். அம்மா பேசுவதைக் கண்ட மகள் நாளை விடுதிக் கூட்டத்தில் பேசுவாள்.

மகளை விடுதியில் கொண்டுபோய் விடும் நாளில், "இரவில் கதவை எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள்?" என்று கேளுங்கள், தவறில்லை. அத்துடன், "மாணவர் செயற்குழுவில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள்? அவசரம் என்றால் இரவில் யாரிடம் போவது?" என்றும் கேளுங்கள். பிறகு மகளின் பக்கம் திரும்பி, "தேர்தல் வந்தால் நீயும் நில், அம்மா" என்று சொல்லிவிட்டு வாருங்கள். பூட்டிய கதவு அவளை ஓர் இரவு காக்கும். தன்னையும் தன் தோழியரையும் ஆளக் கற்ற அறிவு அவளை வாழ்நாள் முழுதும் காக்கும்.