துறவியர் பெயரில் ஒரு விண்மீன்



டிராப்பிஸ்ட் என்றதும் மௌனத்திலும் செபத்திலும் உழைப்பிலும் வாழும் துறவியரே நம் நினைவுக்கு வருவர். இன்று அப்பெயரில் ஒரு விண்மீனும் உண்டு. பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழக வானியலாளர்கள், சிலி நாட்டு லா சில்லா மலையில் 60 செ.மீ. தொலைநோக்கி ஒன்றை அமைத்து, அதற்கு இப்பெயரைச் சூட்டினார்கள். (அத்துறவியர் மடங்களில் தயாராகும் பீரும் அவர்கள் நினைவில் இருந்தது என்பதை ஏன் மறைக்க வேண்டும்!)

மிக்காயேல் ஜில்லோன் தலைமையிலான இக்குழு, 40 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஒரு மங்கலான விண்மீனைச் சுற்றிக் கோள்கள் இருப்பதை 2016-இல் அறிவித்தது. ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி ஏறக்குறைய 20 நாட்கள் அதையே பார்த்திருந்த பின், மொத்தம் 7 கோள்கள் என்ற செய்தி 2017 பிப்ரவரி 22 அன்று வெளியானது.

அக்கோள்களை யாரும் கண்ணால் காணவில்லை. பெரிய வியாழன் இரவு ஆராதனையில், எரியும் மெழுகுதிரிக்கு முன் சிறு பூச்சி பறந்தால் ஒளி கணநேரம் குறையும் அல்லவா? அதுபோல, கோள் ஒன்று விண்மீனுக்கும் நமக்கும் நடுவே கடக்கும்போது ஒளி ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாக மங்குகிறது. ஒருமுறை மங்கினால் போதாது. அதே அளவில், அதே இடைவெளியில் மீண்டும் மீண்டும் மங்க வேண்டும். மிக அருகிலுள்ள கோள் ஒன்றரை நாளில் சுற்றி வருகிறது. கடைசிக் கோளுக்குச் சுமார் 19 நாட்கள். பாதை சற்றே சாய்ந்திருந்தால் ஒன்றையும் இம்முறையில் நாம் அறிந்திருக்க மாட்டோம்.

“சாமி, அங்கே உயிர்கள் இருந்தால் நம் விசுவாசம் என்னாகும்?” என்று மறைக்கல்வி வகுப்பில் இளையோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கடவுளால் பல உலகங்களைப் படைக்க முடியாது என்ற கருத்தைப் பாரிஸ் ஆயர் எத்தியேன் தம்பியே 1277-லேயே கண்டித்தார். இறைவனின் வல்லமைக்கு மனிதர் எல்லை வகுக்கலாகாது என்பதே காரணம். வேற்றுலக உயிர்கள் இருக்கக்கூடும் என்பது நம் விசுவாசத்திற்கு முரணாகாது என்று, வத்திக்கான் வானாய்வகத்தின் அன்றைய இயக்குநர் இயேசு சபை அருட்பணி. ஹோசே ஃபூனஸ் 2008-இல் வத்திக்கான் நாளிதழிலேயே கூறினார். அவர்களுக்கும் மீட்பு தேவையா என்பதை இறையியலாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். அவசரப்பட்டுப் பதில் சொல்லத் தேவையில்லை என்பதே நம் கருத்து.

ஏனெனில் அங்கே உயிர் உண்டு என்று எவரும் கண்டறியவில்லை. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி கொண்டு நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், முதல் கோளில் அடர்ந்த வளிமண்டலம் எதுவும் தென்படவில்லை. நீர் தங்கக்கூடிய தொலைவிலுள்ள நான்காம் கோளின் ஆய்வு தொடர்கிறது. விண்மீனின் சொந்தக் கரும்புள்ளிகளே அதன் ஒளியை மாற்றிக் குழப்புவதால், அந்த வேலை மெதுவாகவே நடக்கிறது.